சட்டைப் பைக்குள் அடித்த வெயில்

ஒரு சட்டைப் பைக்குள்ளே வெயில் அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், நீங்களாக இருந்தால் அதில் முதலில் எதைக் காயப் போடுவீர்கள்? தேன்குறிச்சி எஸ்டேட் மூன்றாம் வரிசை வீடுகளில் போய் இதைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும், அப்பளம் என்பார்கள், தீப்பெட்டி என்பார்கள், பிள்ளையின் சாக்ஸ் என்பார்கள், ஏனென்றால் அவர்கள் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தவர்கள். ஆனால் முதன்முதலாக அதில் காய்ந்தது ஒரு கை. ஜெயக்கனியின் வலது கை, அதுவும் சோற்றுப் பானையைக் கழுவிவிட்டுத் துடைக்காமல் வந்த கை.

ஜெயக்கனி அந்த மலைக்காரி இல்லை. தருவைக்கரை என்கிற கடலோர ஊரில், உப்பளத்தில் பாத்தி பாத்தியாக உப்பு வாரி வளர்ந்தவள். ஆறு வருஷத்துக்கு முன்னால், எஸ்டேட்டில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டும் இசக்கிதுரையைக் கட்டிக்கொண்டு மலையேறி வந்தாள். அங்கே வருஷத்தில் பத்து மாதம் வெயில், இங்கே ஆனி பிறந்தால் ஆவணி முடியும் வரை மழை. மழை என்றால் பெய்து ஓய்கிற மழை இல்லை, வீட்டுக்கு வந்த விருந்தாளி போகவே மாட்டேன் என்று உட்கார்ந்துகொள்வதுபோல உட்கார்ந்துகொள்கிற மழை. ஜாடியில் வைத்த உப்பு தண்ணீராகும், தீக்குச்சியின் தலை விரலோடு வரும், சேலைகள் எல்லாம் அடுப்புக்கு மேலே கயிற்றில் தொங்கித் தொங்கி, காய்வதற்குப் பதிலாகப் புகையை வாங்கிக்கொண்டு, கட்டினால் கருவாடு மணக்கும். இதையெல்லாம் ஜெயக்கனி சிரித்துக்கொண்டே தாங்கிக்கொள்வாள். அவளால் தாங்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். மகள் தர்ஷிணிக்கு ஐந்து வயது, மழை தொடங்கிவிட்டால் பிள்ளையின் நெஞ்சுக்குள் யாரோ ஊதல் ஊதுவார்கள், படுத்தால் இளைப்பு கூடும் என்று அப்பன் தோளில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் மூன்று மாதமும் தூங்கும்.

அந்த வருஷம் மழைக்கு முந்தின வாரம், நெஞ்சுக்குக் கதகதப்பாக இருக்கட்டும் என்று கனத்த மஞ்சள் துணி வாங்கி, மெஷின் கிடையாதே, ஊசியும் நூலும் வைத்துக் கையாலேயே ஒரு முழுக்கைச் சட்டை தைத்தாள். தைத்து முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது, போட்டுப் பார்த்தால் பிள்ளை மூக்கைச் சுளிக்கிறது.

"பை இல்லையேம்மா."

"பையில என்னத்தட்டி போடப் போற?"

"சும்மா. ரெண்டு பை வேணும். பூப் போட்டது."

அழகுக்குத்தானே, ஒட்டுப் பையாக வைத்துவிடலாம் என்று டிரங்குப் பெட்டியைக் கிளறினாள். அடியில் கிடந்தது பழைய பாவாடை, சிவப்பில் வெள்ளைப் புள்ளி, அதுவும் பாதிதான். உப்பளத்துக்குப் போன காலமெல்லாம் இடுப்பில் இருந்தது அதுதான். கல்யாணமாகி வண்டி ஏறும்போது, அக்கா பேச்சியம்மாள் அதைப் பிடித்துக்கொண்டு "இத எனக்குக் குடுத்துட்டுப் போ" என்றாள், இவள் "மாட்டேன்" என்றாள், இருவரும் இழுத்த இழுப்பில் நடுவே கிழிந்து, ஆளுக்குப் பாதி என்று ஆகி, அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தப் பாதிதான் இது.

காலண்டர் தாளை மடித்து அளவு வெட்டினாள். துணியை இரண்டு துண்டாக்கி, வாய்ப்பக்கம் இரட்டை மடிப்பு மடித்துத் தைத்து, மற்ற மூன்று பக்கமும் ஒரு நகக்கண் அளவு உள்ளே மடக்கி, செம்பில் கொதிநீர் ஊற்றி அந்தச் சூட்டாலேயே மடிப்பை அழுத்தித் தேய்த்தாள். நெஞ்சில் பட்டன் வரிசைக்கு இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் வைத்து, குண்டூசி குத்தி, பச்சை நூலில் நெருக்கமாக ஓடவிட்டு, வாய் இரண்டு முனையிலும் கிழியாமல் இருக்க முக்கோணமாக நாலு தையல் போட்டு, நடுவில் சங்கிலித் தையலில் ஐந்து இதழ்ப் பூ. எல்லாம் முடிந்து, சோற்றுப் பானையைக் கழுவிவிட்டு வந்து, மூலையை வெளியே தள்ளிவிடலாம் என்று ஈரக்கையை உள்ளே விட்டாள். கை சுட்டது. எடுத்துப் பார்த்தால் காய்ந்திருந்தது. விரலிடுக்கில் பொடியாக உப்பு பூத்திருந்தது.

"வெயிலடிக்கி" என்றாள் ஜெயக்கனி, வேறு யாரும் அறையில் இல்லாததால் தனக்குத்தானே. பிறகு அடுப்பங்கரைக் கயிற்றிலிருந்து பிள்ளையின் இரண்டு சாக்ஸையும் எடுத்துவந்து, இடப்பையில் ஒன்றும் வலப்பையில் ஒன்றுமாகப் போட்டாள்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு லூர்து மதினி அந்தச் சாக்ஸைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மூக்கில் வைத்து முகர்ந்தும் பார்த்தாள்.

"புகை வாசமே இல்லையே. எங்கன காயப் போட்ட?"

"சட்டைப் பைல, மதினி."

லூர்து பையைப் பார்த்தாள், ஜெயக்கனியைப் பார்த்தாள், வாசலில் கொட்டுகிற மழையைப் பார்த்தாள்.

"இன்னும் எடம் கெடக்கா?" என்றாள்.

இப்படித்தான் அது தொடங்கியது. பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் சட்டை வாசல் ஆணியில் தொங்கும், நாலு மணிக்குப் பிள்ளை வந்ததும் சட்டை பிள்ளைக்கு, இதுதான் ஏற்பாடு. நடுவில் உள்ள நேரம் மூன்றாம் வரிசைக்குச் சொந்தம். முதல் வாரம் கைக்குட்டை, பிள்ளைத்துணி என்று சின்னச் சின்னதாக வந்தது. இரண்டாம் வாரம், ஒரு சேலையின் முந்தானையைப் பைக்குள் திணித்தால் சேலை முழுவதும் கொசுவம் கொசுவமாக உள்ளே போகும், ஒரு வெற்றிலை போட்டுத் துப்பும் நேரத்தில் மறுமுனையைப் பிடித்து இழுத்தால் மொடமொடவென்று வரும் என்று கண்டுபிடித்தார்கள். எஸ்டேட் மருந்தகத்துக் கம்பவுண்டர் வந்து பைக்குள் காய்ச்சல் பார்க்கிற கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, பைக்கு நூற்றிரண்டு டிகிரி இருக்கிறது, ஆனால் சட்டைக்குக் காய்ச்சல் இல்லை என்று சொல்லிப் போனார். ஞாயிற்றுக்கிழமை இடப்பையில் கோயில் அம்மனின் பட்டும் வலப்பையில் சர்ச்சின் பீட விரிப்பும் காய்ந்தன, எது முந்தி என்று ஒரு சின்னச் சண்டை வந்து, இரண்டு பை எதற்கு இருக்கிறது என்று லூர்து கேட்டதும் அடங்கியது. இரவல் வாங்கின பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருகிற பழக்கம் அந்த வரிசையில் இல்லை, அதனால் துணியை எடுத்துக்கொள்கிறவர்கள் போகும்போது பைக்குள் ஒரு கொய்யாக்காயோ ஒரு பிடி வறுத்த கடலையோ போட்டுவிட்டுப் போவார்கள். நாலு மணிக்குப் பிள்ளை கையை விட்டுத் துழாவி எடுக்கும்.

பிள்ளைக்கோ, அந்த இரண்டு பையும் நெஞ்சின் இரண்டு பக்கமும் சுடுசோற்றுப் பொட்டலம் வைத்ததுபோல இருந்து, பொழுது இறங்கிய பிறகும் பாறை சூடு மாதிரி விடாமல் இருந்து, அந்த மழையில் முதல் தடவையாக ஊதல் சத்தம் கேட்கவில்லை. பாயில் மல்லாந்து, கையை விரித்துப் படுத்துத் தூங்கியது. இசக்கிதுரைக்குத் தோள் சும்மா இருப்பதால் தூக்கம் வரவில்லை.

ஜெயக்கனி என்ன செய்வாள் தெரியுமா? கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது ஒருதரம், மத்தியானம் சோற்றுக்கு வரும்போது ஒருதரம், யாரும் பார்க்காமல் பைக்குள் கையை விட்டு அப்படியே நிற்பாள். அவளுக்குப் பதினாறு வயதாகிவிடும். வெள்ளை வெளேரென்று பாத்திகள், கண் கூசுகிறது, அக்கா முன்னால் உப்புப் பெட்டியோடு வரப்பில் நடக்கிறாள், இவள் பின்னால், அக்காவின் நிழலைப் பார்த்துக் காலை வைக்கிறாள், ஏனென்றால் அந்த நிழல் ஒன்றுதான் அங்கே குளிர்ச்சி. அந்த வயதில் அந்த வெயிலை எத்தனை ஏசியிருப்பாள், மனுஷி இருக்கிற இடமா இது என்று! இப்போது, அந்தக் காலத்து வெயில் பாவாடையில் ஊறிக் கிடந்து நமக்காக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கையை எடுக்க மனசே இல்லாமல் எடுப்பாள்.

நாலு வாரம் போனது. எஸ்டேட்டில் டவர் கிடைக்கிற இடம் ஒன்றுதான், பம்புப் பாறை. ஞாயிறு சாயங்காலம் குடையைப் பிடித்துக்கொண்டு அங்கே ஏறி அக்காவுக்குப் போன் போட்டாள். எடுத்ததும் அக்கா சொன்னாள்:

"என்னய வேலைக்கு வர வேண்டாம்னுட்டாங்கட்டி."

"என்னக்கா சொல்லுத?"

"எனக்கு மட்டும் மழை பெய்யிட்டி. சிரிக்காத. ஊருக்கெல்லாம் வெயிலு, எந்தலைக்கு மட்டும் தூத்தல். மொதல்ல குளுகுளுன்னுதான் இருந்துச்சு, வேண்டாம்னா சொல்லுவேன்? ஆனா பெட்டியத் தூக்கி வச்சு வரப்பு தாண்டுறதுக்குள்ள பாதி உப்பு கரைஞ்சு முதுகுல வடியுது. காண்டிராக்டர் பாத்தான். நீ உப்பு அம்பாரத்துப் பக்கம் வந்தா மலையா குவிச்சு வச்சதும் கரைஞ்சிரும், வீட்டுல இருன்னுட்டான்."

ஜெயக்கனிக்குச் சிரிப்பு வரவில்லை. "எப்பருந்துக்கா?" என்று கேட்டாள்.

"ஆனி பொறந்ததுலருந்து."

"தலைல என்னத்தக் கட்டியிருக்க?"

"என்னத்தக் கட்டுவேன், நம்ம புள்ளிப் பாவாடைதான் சும்மாடு. ஆறு வருசமா அதானே. சாமியாடிகிட்டக் குறி கேட்டேன். தலையில பட்டதையெல்லாம் வெள்ளிக்கிழமை காலைல கடல்ல விட்டுரு, சரியாப் போயிரும்னாரு."

ஜெயக்கனி "அக்கா, டவர் போகுது" என்று சொல்லிப் போனை வைத்தாள். டவர் நாலு கோடும் நிறைந்து நின்றது.

பாறையில் உட்கார்ந்துவிட்டாள். பழைய வெயில் இல்லை அது, இன்றைக்கு அடிக்கிற வெயில். அக்காவின் உச்சந்தலையில் விழுந்த வெயிலைத்தான் இவள் நாலு வாரமாகக் கையை விட்டுக் கையை விட்டு ரசித்திருக்கிறாள். அங்கத்து வெயில் இங்கே வந்த வழியிலேயே இங்கத்து ஈரம் அங்கே போயிருக்கிறது. நாளை மறுநாள் என்று நாலு நாள் பேசாமல் இருந்தால் அந்தத் துணி கடலுக்குப் போய்விடும், பைக்குள் உப்புத்தண்ணீரும் இருட்டும்தான் மிஞ்சும், பிள்ளை மறுபடி உட்கார்ந்து தூங்கும். சொல்லிவிட்டாலோ, வேலையைக் கெடுத்தவள் கூடப் பிறந்தவள் என்று தெரிந்த அக்கா, கடல் வரைக்கும்கூடப் போகாமல் அடுப்பில் வைத்துவிடுவாள். அக்காவுக்கு நாலு பேர் சாப்பிடுகிற வீடு, சம்பாத்தியம் அவளுடையது மட்டும்.

திங்கட்கிழமை ஆணியில் சட்டை இல்லை. செவ்வாயும் இல்லை. புதன்கிழமை, ஏழாம் வீட்டுக் கமலாவதி, கைப்பிள்ளைக்காரி, ஈரத்துணி மூட்டையோடு வந்து நின்று, தெருவுக்கே கேட்கிறமாதிரிச் சொன்னாள்:

"வெயிலு இப்ப சொந்தக்காரங்களுக்கு மட்டுந்தானாக்கும்! கரண்டு மாதிரி இதுக்கும் மீட்டர் வைப்பாங்க போல!"

ஜெயக்கனி அதுவரைக்கும் அடக்கி வைத்திருந்தது அங்கேயே உடைந்து, வாசலிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கேட்டவர்கள் ஒருவரும் இப்படியும் நடக்குமா என்று கேட்கவில்லை. பைக்குள் போன ஈரம் எங்கேயோ போய்த்தானே ஆக வேண்டும், அதை ஏன் இத்தனை நாள் நாம் யோசிக்கவில்லை என்றுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"அப்ப எங்க வீட்டாளு டிராயர் தண்ணியெல்லாம் ஒங்க அக்கா தலையிலயா?" என்றாள் லூர்து, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு.

"ஆமா மதினி."

"ஏசுவே!"

கமலாவதி மூட்டையைக் கீழே வைத்தாள். "போன் பண்ணிச் சொல்லிர வேண்டியதுதான?"

"சொன்னா அக்கா எம்மூஞ்சில முழிக்க மாட்டா. துணியையும் எரிச்சிருவா. பிள்ளை…" என்று ஜெயக்கனி நிறுத்திவிட்டாள்.

"நீ ஒத்தையிலயா நனைச்ச?" என்றாள் லூர்து. "எல்லாரும் சேந்துதான நனைச்சோம். எல்லாரும் போயிச் சொல்லுவோம்."

வியாழக்கிழமை கொழுந்து நிறுத்து முடித்ததும், சாக்கையும் பிளாஸ்டிக் தாளையும் தலையில் கவிழ்த்துக்கொண்டு பதினாலு பெண்கள் பம்புப் பாறை ஏறினார்கள். பார்த்தவர்கள் வேலைநிறுத்தமோ என்று நினைத்தார்கள். பாறையில் மூன்று தரம் அடித்தும் போன் போகவில்லை, மழை டவரைத் தின்றுவிட்டது. நாலாவது தரம் மணி அடித்தது. லூர்து ஒலியைக் கூட்டிவைத்துத் தன் பிளாஸ்டிக் தாளைப் போனுக்குப் பிடித்தாள்.

"அக்கா, நாந்தான். அந்த மழை நாந்தான்."

"என்னட்டி உளறுத?"

ஜெயக்கனி பாவாடையிலிருந்து தொடங்கி, பை, பூ, சாக்ஸ் என்று கடைசி வரை ஒரே மூச்சில் சொன்னாள். அவள் மூச்சு வாங்கின இடத்தில் லூர்து புகுந்தாள். "தாயி, நான் பக்கத்து வீட்டு லூர்து. வேட்டி நாலு, சேலை ஆறு, இன்னும் சொல்லக்கூடாத உருப்படியும் உண்டு. மன்னிச்சுக்கோங்க." ஒவ்வொருத்தியாக வந்து பேர் சொல்லித் தன் தன் துணியைச் சொன்னாள். அம்மன் பட்டைக்கூட விடவில்லை.

டவர் போய்விட்டதா என்று லூர்து போனைத் திருப்பிப் பார்த்தாள். இருந்தது.

பிறகு பேச்சியம்மாள் கேட்டாள்: "ஒரு நா சாம்பிராணி வாசமா பெஞ்சுதே, அது யாரு?"

கமலாவதி முன்னால் வந்தாள். "நாந்தான்க்கா. கைப்பிள்ளைத் துணி."

"அன்னைக்கு ஒரு நாதான் எனக்குத் தலை வலிக்கல" என்றாள் பேச்சியம்மாள். உடனே குரல் மாறியது. "ஏட்டி ஜெயக்கனி, ஞாயித்துக்கெழமையே ஒனக்குத் தெரிஞ்சிருச்சு. டவர் போகுதுன்ன."

"ஆமாக்கா."

"எங்கிட்டப் பொய் சொல்லுத அளவுக்கு வந்துட்ட. மூணு நாளாத் தூத்தல் நின்னும் காண்டிராக்டர் நம்பல, நான் அம்பாரத்துக்கு வெளிய உக்காந்து, அடுத்தவ எம்பெட்டியச் சுமக்கறதப் பாத்துக்கிட்டிருந்தேன். தெரியுமா ஒனக்கு?"

ஜெயக்கனி அழுதாள். மழையில் அது யாருக்கும் தெரியவில்லை, போனில் அக்காவுக்குத்தான் தெரிந்தது.

"சரி, அழாத. பிள்ளை எப்படியிருக்கா?"

"படுத்துத் தூங்குதாக்கா."

"என்னது?"

"இந்த மழைக்குப் படுத்துத் தூங்குதா. மல்லாக்க."

இந்தத் தடவை யாரும் போனைத் திருப்பிப் பார்க்கவில்லை.

"சும்மாடு கட்ட ஊருல வேற துணியா இல்ல?" என்றாள் பேச்சியம்மாள், யாரிடமோ சண்டை பிடிப்பதுபோல. "சாமியாடிகிட்ட நாம் பேசிக்கிடுதேன். பாவாடைய வீட்டு முத்தத்துல கம்பு நட்டுக் கட்டி விடுதேன், எல்லாத்துக்கும் பொதுவா அடிக்கிற வெயிலு அங்கயும் அடிக்கத்தான செய்யும். ஆனா நாலு நாளைக்கு ஒரு பொட்டு ஈரத்தப் பைல போட்டுறக் கூடாது, சொல்லிட்டேன். எங்க வீட்டுப் பக்கம் ஒரு தூத்தல் விழுந்தாலும் மழை என்னய விடலன்னுருவான் காண்டிராக்டர், எந்தலை காஞ்சு கெடக்கறத அவன் கண்ணால பாக்கணும்."

நாலு நாள். அந்த நாலு நாளும் மலையில் பிடித்த மழை சாதாரண மழை இல்லை, பள்ளம் மேடு தெரியாமல் கொட்டியது. மூன்றாம் வரிசைப் பிள்ளைகள் பிழிந்த சட்டையோடு பள்ளிக்கூடம் போனார்கள், ஆம்பிளைகள் சாக்கைச் சுற்றிக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்திருந்தார்கள், கமலாவதி கைப்பிள்ளையைத் தன் மார்போடு சேலைக்குள் கட்டிக்கொண்டு திரிந்தாள். ஆணியில் சட்டை தொங்கிக்கொண்டேதான் இருந்தது. யாரும் தொடவில்லை. ஒருத்தி மட்டும் ஈரக்கையோடு போகிறபோக்கில் பையின் பூவைத் தடவிவிட்டு, ஐயோ என்று கையை உதறிக்கொண்டு ஓடினாள். நாலு மணிக்குப் பிள்ளை எடுத்து மாட்டிக்கொள்ளும், பையில் வழக்கம்போல ஒரு கொய்யாக்காய் இருக்கும், துடைத்துக் காயவைத்துப் போட்டது.

ஐந்தாம் நாள் பேச்சியம்மாளைக் காண்டிராக்டர் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டான். அதற்கப்புறம் மலையில் மறுபடி துணி காய்ந்தது. தருவைக்கரையில் பேச்சியம்மாள் வீட்டு முற்றத்தில், கம்பில் கட்டின புள்ளிப் பாவாடைக்குக் கீழே மட்டும் பொழுதுக்கும் தூறல் விழுந்தது. அங்கே போர் போட்டால் உப்புத்தண்ணீர், நல்ல தண்ணீர் லாரியில் வரும், குடிக்கவே பற்றாது. உப்பில் நின்று நின்று வெடித்த காலை நல்ல தண்ணீரில் கழுவுவது என்பது அந்தத் தெருப் பெண்களுக்குக் கல்யாண வீட்டில் மட்டும் கிடைக்கிற காரியம். பேச்சியம்மாள் கம்பைச் சுற்றிக் குடத்தையும் அண்டாவையும் வைத்தாள். உப்பளம் விட்டு வருகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்து, காலை நீட்டி, ஒருத்திக்கு ஒருத்தி செம்பில் மொண்டு ஊற்றினார்கள். இது எங்கிருந்து வருகிற தண்ணீர் என்று கேட்டவர்களுக்குப் பேச்சியம்மாள் என் தங்கச்சி ஊரிலிருந்து என்றாள். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

ஜெயக்கனி இப்போதும் காலையில் ஒருதரம் பைக்குள் கையை விடுகிறாள். யார் தலையும் சுடாத வெயில் என்பதால் முன்னைவிடக் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருக்கிறாள்.

ஆடி கடைசி ஞாயிறு. பம்புப் பாறையில் பிள்ளையும் கூட வந்திருந்தது, மஞ்சள் சட்டையோடு. பெரியம்மாவும் பிள்ளையும் பேசினார்கள், கொய்யாக்காயைப் பற்றி, விழுந்த பல்லைப் பற்றி. பிறகு போன் ஜெயக்கனி கைக்கு வந்தது.

"காலு எப்படிக்கா இருக்கு?"

"வெடிப்பெல்லாம் மூடிருச்சுட்டி. தெருவுல அம்புட்டுப் பேருக்கும் மூடிருச்சு. செருப்புக் கடைக்காரன்தான் வாயில அடிச்சுக்கிடுதான். ஆனா ஒண்ணு…"

"என்னக்கா?"

"அஞ்சாறு நாளா குடத்துத் தண்ணி ஊதாவா நிக்கி. எங்க தெருப் பொம்பளையாளு காலெல்லாம் முழங்கால் மட்டும் நீலம் பாரிச்சுப்போயி, வரப்புல வரிசையா நடந்து போனா கிருஷ்ணசாமி கூட்டமா போற மாதிரி இருக்கு. காண்டிராக்டர் கையெடுத்துக் கும்புடுதான். ஏட்டி, அங்கன எவளோ வேட்டிக்கு நீலம் முக்குதா. யாருன்னு பாத்து, பைல போடுறதுக்கு முந்தி ரெண்டு தண்ணி கூட அலசச் சொல்லுட்டி."